பினாங்கு மேடையில் பிளூஸ்: எப்படிக் கேட்பது?

பத்து ஃபெரிங்கி கடற்கரையில் 2004இல் தொடங்கியது பினாங்குத் தீவு ஜாஸ் விழா. பெயரில் ஜாஸ் இருந்தாலும், பிளூஸ் கலைஞர்களும் அங்கே வாசித்திருக்கிறார்கள். "சோகப் பாட்டு, நமக்கு எதுக்கு?" என்று நகர்ந்துவிடுவோர் உண்டு. நீங்களும் அப்படியா? ஒரு சின்னக் கணக்கு தெரிந்தால் போதும், பாட்டு பிடிபட்டுவிடும்.

என்ன கணக்கு?

பல பிளூஸ் பாடல்களில் ஒரு சுற்றுக்கு 12 'பார்'. ஒவ்வொன்றிலும் 4 தட்டு, ஆக மொத்தம் 48. அதற்குள் மூன்றே வரிகள். முதல் வரியையே பாடகர் மறுபடி பாடுவார். மூன்றாம் வரியில்தான் பதில் வரும். இரண்டாம் வரி தொடங்கும்போது கிட்டாரில் கார்டு மாறுவதைக் கவனியுங்கள். சொல் அதேதான், உணர்வு வேறு.

கிட்டார் ஏன் குறுக்கே பேசுகிறது?

ஒரு வரிக்கு 16 தட்டு. ஏறக்குறைய பாதியில் பாடகர் நிறுத்திவிடுவார். மீதி இடம் கிட்டாருக்கு. நம்ம நாட்டுப்பாட்டில் வரும் பின்பாட்டு மாதிரிதான். கம்பியைத் தள்ளிச் சுரத்தை வளைப்பதும், கமகம் கேட்டுப் பழகிய காதுக்குப் புதிதல்ல.

நேரில் கேட்டால் என்ன லாபம்?

இசைத்தட்டில் பாட்டின் நீளம் மாறாது. மேடையில், கலைஞர்கள் விரும்பினால் இன்னொரு சுற்று போவார்கள். ஒருவர் தலையசைத்ததும் அடுத்தவர் வாசிப்பைக் கையில் எடுத்துக்கொள்வார்.

இது யாருடைய இசை?

அமெரிக்கத் தென் மாநிலங்களில், அடிமை முறை ஒழிந்த பிறகும் பருத்தி வயல்களில் உழைத்த கறுப்பின மக்களுடையது. 1920இல் மேமி ஸ்மித் பாடிய 'கிரேஸி பிளூஸ்' அமோகமாக விற்றது. அதன்பின் இசைத்தட்டு நிறுவனங்கள் கறுப்பினப் பாடகர்களைத் தேடிப் பதிவு செய்தன.

பினாங்கு மாநிலத்தின் செபராங் பிறையிலும் 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. அங்கே உழைத்தவர்களில் தமிழர்கள் ஏராளம். தோட்டத்துத் தெம்மாங்கும் தாலாட்டும் பெரும்பாலும் வாய்வழியாகவே வந்தவை. பாடியவரோடு பல பாட்டுகளும் போய்விட்டன.

உள்ளூர் இசை வரலாற்றைக் காக்க, ஜார்ஜ்டவுன் கொம்தாரில் 2016இல் 'பினாங் ஹவுஸ் ஆஃப் மியூசிக்' தொடங்கப்பட்டது. உங்கள் பங்குக்கும் ஒன்று செய்யலாம். வீட்டில் பாட்டிக்குத் தோட்டத்துப் பாட்டு ஏதாவது நினைவிருக்கிறதா? கைப்பேசியை எடுங்கள், பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.