சோலாவின் புதினத்தில் பொறியும் பொருளும்

புதினத்தில் ஒரு பொறி வந்ததும் 'இது முன்னேற்றத்தின் குறியீடு' என்றோ 'அழிவின் குறியீடு' என்றோ பெயர் சூட்டி மேற்செல்வார் உளர். அம்முறை பொருந்துமா என்பதை எமில் சோலா 1890-இல் வெளியிட்ட 'மனித விலங்கு' என்னும் பிரெஞ்சுப் புதினங்கொண்டு ஈண்டு ஆராய்வோம். பாரிசுக்கும் லெ ஆவ்ர் துறைமுகத்துக்கும் இடைப்பட்ட இருப்புப்பாதையே அதன் களம்.

கதைத்தலைவன் ழாக் ஓட்டும் நீராவி எஞ்சின் 'லிசோன்' என்னும் பெண்பெயர் பூண்டது. பெயர் மட்டும் அதற்கு உயிரூட்டிவிடவில்லை. அது எளிதிற் புறப்படும்; நீராவியை நன்கு எழுப்பும்; எண்ணெயை மட்டும் அளவிறந்து குடிக்கும். காதலியின் குறையைப் பொறுப்பான்போல ழாக் அதனைப் பொறுக்கிறான். பெண்ணை அணுகுங்கால் கொலைவெறி எழும் நோயுடைய அவன், இவ்வெஞ்சினிடத்தே அமைதி காண்கிறான். 1889-இல் சோலா எஞ்சின் மேடையில் நின்று தாமே பயணம் செய்து அறிந்த தொழில் நுட்பமே இங்குக் குறிப்புப் பொருளாய் விளைகிறது. தெய்வம் ஒழிந்த கருப்பொருளை உள்ளுறைக்கு நிலைக்களமாகக் கொண்ட தொல்காப்பியர் நெறி இதற்கு அயலன்று. ஆண்டும் விலங்கின் செயல் மெய்யாய் அமைந்த பின்னரே உட்பொருள் தோன்றும்.

பனியிற் சிக்கி மீண்டபின் லிசோனின் ஓட்டம் பழைய நிலையை எய்தவில்லை. பின்னர்க் கற்பாளம் ஏற்றிய வண்டியின்மேல் மோதிச் சிதைகிறது. அதனிடத்தில் வருவது 608 என்னும் எண்ணுடைய புதிய எஞ்சின். பெயர் போய் எண் வந்த இவ்விடமே புதினத்தின் மிக நுட்பமான இடம் என்பேன். ஓட்டுநனும் கரியிடுவோனும் தம்முட் பொருது வீழ்ந்து மடிய, 1870-ஆம் ஆண்டுப் போருக்குச் செல்லும் வீரரைச் சுமந்து, நிறுத்துவாரின்றி ஓடுவதும் அவ்வெஞ்சினே.

சிறு பொருள்களும் இத்தகையனவே. செவெரின் தன் கணவன் ரூபோவுக்குப் பரிசளித்த கத்தி முதற்கொலைக்குக் கருவியாகிறது. ஈற்றில் அவளையே மாய்க்கிறது. முதற்கொலையுண்டவனின் கடிகாரமோ, குற்றமற்ற கபூஷின் குடிசையிற் கிடைக்கிறது. விசாரணை நடுவர் தெனிசே அப்பொருளைச் சான்றாகக் கொண்டு, பிழையற்றதாய்த் தோன்றும் ஒரு கதையைக் கட்டுகிறார். பொருளை அதன் வரலாற்றினின்று பிரித்துப் படிக்கும் திறனாய்வாளர்க்கு இவர் நெருங்கிய உறவினர். பொறாமையாற் செய்த கொலையென்று ரூபோவே உண்மை உரைத்தபோதும், அது தாம் கட்டிய கதைக்கு ஒவ்வாமையின் நடுவர் ஏற்கவில்லை. ரூபோவுடன் கபூஷும் வாழ்நாட் கடுந்தண்டனை பெறுகிறான்.