உங்களுக்குத் தெரியுமா? முதல் இரவில் நாய்க்குட்டி ஏன் அழுகிறது

சுவரோடு சுவர் ஒட்டிய செல்லூர்ச் சந்தில் ஒரு வீட்டுக்குப் புதுக் குட்டி வந்தால், அன்றிரவே தெருவுக்கெல்லாம் தெரிந்துவிடும். அந்த அழுகை பிடிவாதம் இல்லை. தாயின் சூட்டிலும் கூடப்பிறந்த குட்டிகளின் நெருக்கத்திலும் உறங்கிப் பழகிய உயிர், அவற்றைத் தேடிக் கூப்பிடும் குரல். சிப்பிப்பாறை, ராஜபாளையம், தெருக்குட்டி என்ற வேறுபாடே இதில் கிடையாது.

குட்டி உறவு பழகும் முக்கியமான காலம் 3 முதல் 12 வாரம் வரை என்று ஸ்காட், ஃபுல்லர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1965-இல் வெளியிட்ட நூலில் எழுதினார்கள். அந்த வயதில் அதை மாடிப்படிக்கு அடியில் தனியே கட்டிப்போடுவது கொடுமை. முதல் சில இரவுகள் உங்கள் பாய்க்குப் பக்கத்திலேயே ஓர் அட்டைப்பெட்டியில் படுக்க வையுங்கள். தாய் படுத்திருந்த பழந்துணியைக் கேட்டு வாங்கி உள்ளே விரித்தால், பழகிய வாசம் அதற்கு ஆறுதல். இரண்டு மாதக் குட்டியால் சுமார் 3 மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. நடுராத்திரியில் எழுந்து மொட்டைமாடிக்குத் தூக்கிப் போங்கள். பார்வோ என்ற தொற்றுநோய் பரவும் என்பதால், தடுப்பூசிகள் முடியும்வரை தெருவில் இறக்க வேண்டாம்.

8 வாரம் நிறையாத குட்டியை வளர்ப்பாளர்கள் விற்பதை 2017-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் தடை செய்கின்றன. அதற்கு முன் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.