விண்வெளிக் கருவிகளுக்கு நிரல் வகுப்போர்

விண்வெளி ஆராய்ச்சி என்றதும் தீப்பிழம்பு கக்கி மேலெழும் ரொக்கெற்றே நம் மனக்கண்முன் தோன்றும். அது சுமந்து செல்லும் விஞ்ஞானக் கருவிகளும், அவற்றை நெறிப்படுத்தும் மென்பொருளும் பலர் கருத்திற்கு எட்டுவதில்லை. காந்தப்புலத்தையும் மின்னேற்றத் துணிக்கைகளையும் கருவி அளக்கும். எனினும், அவ்வளவீடுகளை எப்பொழுது எடுப்பது, எவ்வொழுங்கில் அடுக்கிப் பூமிக்கு அனுப்புவது என்பவற்றை விதிப்பது மென்பொருளேயாம். அதனை ஆக்குதலையே வாழ்நாட் பணியாகக் கொண்டோர் உளர்.

இப்பணியின் இயல்பை வொயேஜர் 1 இன் வரலாறு நன்கு விளக்கும். 1977 செப்ரெம்பர் 5 ஆம் நாள் அமெரிக்கா ஏவிய இவ்விண்கலம், 2023 நவம்பரில் பொருளற்ற குறிகளையே அனுப்பத் தொடங்கியது. கருவிகளின் அளவீடுகளைத் திரட்டித் தொகுக்கும் கணனி பழுதுற்றிருந்தது. கலமோ ஏறத்தாழ 2400 கோடி கிலோமீற்றருக்கு அப்பால் நின்றது. கட்டளை ஒன்று அதனைச் சென்றடைய ஏறக்குறைய 22½ மணி நேரமும், மறுமொழி மீள அத்துணை நேரமும் ஆயின. கையால் தொட்டுத் திருத்த வழியேது?

2024 மார்ச்சில் அக்கணனியின் நினைவகப் படி ஒன்று பூமிக்குக் கிடைத்தது. கலிபோர்ணியாவிலுள்ள ஜெற் உந்துகை ஆய்வுகூடத்தார் அதனைப் பழுதுக்கு முந்திய படியுடன் ஒப்புநோக்கி, நினைவகத்தில் நூற்றுக்கு 3 பங்களவு கெட்டிருத்தலைக் கண்டனர். அங்கிருந்த நிரற்பகுதி முழுவதையும் ஒருங்கே தாங்கத்தக்க இடம் நினைவகத்தில் வேறெங்கும் இல்லை. ஆதலின் அதனைக் கூறுபடுத்தி வெவ்வேறிடங்களில் அமைத்து, அக்கூறுகள் ஒன்றாய் இயங்குமாறு இடக்குறிகளையும் திருத்தினர். ஏப்பிரல் 18 இல் அனுப்பிய முதற்றிருத்தம் பயன் தந்தமை 20 ஆம் நாள் தெரியவந்தது. அப்போது இயங்கிவந்த நான்கு கருவிகளும் யூன் மாதமளவில் மீண்டும் அளவீடுகளை அனுப்பின.

இங்கு ஒன்று சிந்திக்கற்பாலது. இக்கலத்தின் பழுதுகளை ஆராய்வோர், பல்லாண்டுகளுக்கு முன் பிறர் எழுதிவைத்த ஆவணங்களையே துணைக்கொள்ள வேண்டியவராயினர். அவற்றை எழுதியோர் இத்தகைய இடர் நேருமென எண்ணியவரல்லர். ஆயினும் எழுதி வைத்தனர். பரிசோதனைக் குறிப்பேட்டை வீண்சுமையெனக் கருதும் மாணவர் இதனை உளங்கொள்வாராக. இத்துறையை நாடுவோர்க்குக் கணிதமும் பௌதிகமும் இன்றியமையாதன. தாம் செய்ததைப் பிறர் ஐயமற விளங்குமாறு எழுதும் பழக்கமும் அவற்றிற்குக் குறைந்ததன்று. இன்று நாம் வகுக்கும் நிரலை நாளை திருத்துவோர் நாமல்லாதிருக்கலாம்.