மாரடைப்பு வந்த ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால்

நலன்புரி நிலையத்திலோ உறவினர் வீட்டிலோ இருந்து சொந்தக் காணிக்குத் திரும்பும் குடும்பங்கள் பலவற்றில், முன்பு ஒருமுறை மாரடைப்பு வந்த அப்பாவோ அம்மம்மாவோ இருக்கிறார். திரும்பிவந்த முதல் சில வாரங்களில் அவரைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். கிளினிக் மாறுவதால் மருந்து இடையில் நின்றுவிடலாம். பற்றை வெட்டுவது, கிணறு இறைப்பது என்று பாரமான வேலைகள் ஒரேயடியாக வந்து சேரும். ஆஸ்பத்திரியும் முன்னரைவிடத் தூரமாகியிருக்கும்.

இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்கள் முடியுருநாடிகள் எனப்படும். இவற்றின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து வழி ஒடுங்கும்போது, நடந்தால் நெஞ்சு இறுகும், இருந்தால் ஆறும். படிந்த கொழுப்பு வெடித்து அந்த இடத்தில் இரத்தம் உறைந்து குழாய் அடைபட்டால் அதுவே மாரடைப்பு. இறந்த தசை திரும்ப வளராது, தழும்பாகவே இருக்கும். “இப்ப நோ ஒண்டும் இல்லை, பிறகேன் குளிசை?” என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். பெரும்பாலான குளிசைகள் இன்றைய நோவுக்கானவை அல்ல. அடுத்த அடைப்பு வராமல் இருப்பதற்கானவை.

மருந்து அறுந்துபோகக் கூடாது

இடம் மாறுவதற்கு முன், இப்போது போகும் கிளினிக்கில் புதிய இடத்துக்கான கடிதம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். கிளினிக் கொப்பி, டயக்னோசிஸ் காட், பழைய ஈ.சி.ஜி. தாள் மூன்றையும் ஒரு பொலித்தீன் பையில் இட்டு, அடையாள அட்டையோடு சேர்த்து வையுங்கள். கொப்பி தொலைந்துவிட்டதா? குளிசை தந்த கடதாசி உறைகளையும் வெற்று மட்டைகளையும் கொண்டுபோனாலும் வைத்தியர் மருந்தைக் கண்டுபிடிப்பார். இந்தியாவிலிருந்து திரும்புபவர்களுக்கு இது மிக முக்கியம். அங்கு கம்பனிப் பெயரில் வாங்கிய குளிசை இங்கு வேறு பெயரில் இருக்கும். மட்டையில் சிறிய எழுத்தில் உள்ள மருந்தின் பெயரைக் காட்டுங்கள். இல்லாவிட்டால் ஒரே மருந்தையே இரண்டு பெயரில் எடுக்க நேரிடும்.

ஸ்ரென்ட் வைத்தவர் அஸ்பிரினையும் குளோபிடோகிரெலையும் தாமாக நிறுத்தினால், அந்த ஸ்ரென்டுக்குள்ளேயே இரத்தம் உறையலாம். அற்றெனோலோல், பைசோபிரோலோல் போன்றவற்றையும் திடீரென நிறுத்தக் கூடாது. காய்ச்சல் வந்தால் மட்டும் சற்று வேறு: டெங்குவாக இருக்கலாம் என்பதால் அன்றே வைத்தியரிடம் போய், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர் என்பதை முதலில் சொல்லுங்கள்.

நாக்கின் கீழ் வைக்கும் ஜி.ரி.என். குளிசை வெப்பத்தில் வலுவிழக்கும். தகரக் கூரையின் கீழும் சேட்டுப் பைக்குள்ளும் அதை வைப்பது நம்மிடையே உள்ள வழக்கம். கடதாசியில் சுற்றி வைப்பதும் சரியல்ல. அது வந்த கண்ணாடிப் போத்தலிலேயே, இறுக மூடி, மண்பானைக்கு அருகில் போன்ற குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். போத்தலைத் திறந்த திகதியை அதில் எழுதி, 8 வாரத்தில் புதியது கேளுங்கள்.

வேலை, சாப்பாடு, மனம்

மாரடைப்பு வந்து ஆறு வாரம் ஆகாதவர் மண்வெட்டி, கோடரி தொடவே கூடாது. அதன் பிறகும் வைத்தியரைக் கேட்டே தொடங்கலாம். அதற்காகப் பாயிலேயே கிடத்தி வைக்கவும் வேண்டாம். முற்றத்தில் 5 நிமிட நடை, சில நாள் கழித்து 10 நிமிடம், பிறகு ஒழுங்கை முடியும் வரை என்று கூட்டிக்கொண்டு போகலாம். நடக்கும்போது கதைக்க முடிய வேண்டும். மூச்சு வாங்கிக் கதை நின்றால் இருக்கச் சொல்லுங்கள். தண்ணீர் அள்ளுவதை வீட்டில் வேறு ஒருவர் பொறுப்பெடுங்கள்.

சாப்பாட்டில் முதல் எதிரி உப்பு. கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் என்று வீட்டில் இருப்பதெல்லாம் உப்பு. ரின் மீனின் தண்ணீரை ஊற்றிவிட்டு மீனைக் கழுவிச் சமையுங்கள். சொதிக்கு முதற்பாலைக் குறைத்து, முருங்கையிலையும் வல்லாரையும் கூட்டுங்கள். சுருட்டும் பீடியும் ஒன்றுகூட வேண்டாம்.

கால் வீங்கினாலோ, சில நாட்களுக்குள் இரண்டு கிலோ நிறை கூடினாலோ, படுத்தால் மூச்சு முட்டித் தலையணையை உயர்த்த வேண்டி வந்தாலோ, இதயம் களைக்கிறது என்று அர்த்தம். அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்றை ஆஸ்பத்திரிகளில் அதிகம் சொல்வதில்லை. மாரடைப்புக்குப் பின் பலர் பயந்து, சோர்ந்து, எரிந்து விழுவார்கள். இடிந்த வீட்டையும் இல்லாதவர்களின் நினைவையும் எதிர்கொண்டு நிற்கும் ஒருவருக்கு அது இரட்டிப்பாகும். கோபிக்காமல் பக்கத்தில் இருங்கள். நித்திரையும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டால் கிளினிக்கில் சொல்லுங்கள்.

நெஞ்சு நோ வந்தால்

“வாய்வு” என்று இஞ்சிச் சாறும் ஓமத் தண்ணீரும் கொடுத்துக் காலையாகும் வரை பார்த்திருப்பதுதான் எங்கள் ஊர்களில் உயிர் போகும் வழி. நெஞ்சில் பாரம் ஏற்றியது போன்ற இறுக்கம், கை, தாடை, முதுகுக்குப் பரவும் நோ, குளிர்ந்த வியர்வை, சத்தி ஆகியவை அடையாளங்கள். நீரிழிவு உள்ளவர்களிலும் பெண்களிலும் நோவே இல்லாமல் மூச்சுத்திணறலும் களைப்பும் மட்டும் வரலாம்.

அவரை உடனே இருத்துங்கள், நடக்க விடாதீர்கள். ஜி.ரி.என். ஒன்றை நாக்கின் கீழ் வையுங்கள். 5 நிமிடத்தில் ஆறாவிட்டால் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். ஜி.ரி.என். இல்லாதவருக்கோ, முதன்முறை வருபவருக்கோ அந்த 5 நிமிடமும் காத்திருக்க வேண்டாம். அஸ்பிரின் ஒவ்வாமையோ இரத்தக் கசிவோ இல்லாதவர் 300 மில்லிகிராம், அதாவது 75 மில்லிகிராம் குளிசை நான்கு, சப்பி விழுங்கலாம். உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் ஊசி முதல் மணித்தியாலங்களில்தான் நன்றாக வேலை செய்யும், 12 மணித்தியாலம் கடந்தால் பயன் மிகக் குறைவு.

நினைவிழந்து மூச்சும் நின்றுவிட்டால், நெஞ்சின் நடுவே இரு உள்ளங்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்ரிமீற்றர் பதியும்படி அழுத்துங்கள். உதவி வரும்வரை நிறுத்த வேண்டாம்.

புதிதாகக் குடியேறிய ஒழுங்கைகளுக்குப் பெயர்ப் பலகை இராது. சந்தி, கோயில், பாடசாலை என்று வழி சொல்லும் இரண்டு வரியை இன்றே எழுதிக் கதவில் ஒட்டிவிடுங்கள், பதற்றத்தில் வாய் வராது. இரவென்றால் ஒருவர் ரோச் லைற்றோடு பிரதான வீதியில் நிற்கட்டும். எவ்வளவு அவசரமானாலும், கண்ணிவெடி அகற்றி முடியாத காணிகளுக்குள்ளால் நோயாளியைக் குறுக்குப் பாதையில் தூக்கிச்செல்ல வேண்டாம்.