தன்மதிப்பும் தீவு இளைஞரும்

வாழ்க்கைத் தரத்தை வருமானம், வீடு, குடிநீர், மின்சாரம் ஆகியவற்றைக் கொண்டு அளப்பது பொருளியலார் வழக்கம். தம் வாழ்வை ஒருவர் தாமே எவ்வாறு மதிப்பிடுகிறார் என்பதையும் உலக சுகாதார நிறுவனம் இதில் சேர்த்துள்ளது. இளமையில் இம்மதிப்பீட்டைப் பாதிப்பவற்றுள் ஒன்று, தம் உடல் தோற்றம் பற்றி மனத்தில் பதிந்துள்ள எண்ணமாகும்.

கடலடி வடம் கொணர்ந்தவை

சென்னையையும் அந்தமான் நிக்கோபார் தீவுகளையும் இணைக்கும், ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கண்ணாடியிழை வடம் 2020 ஆகஸ்டு 10 அன்று தொடங்கி வைக்கப்பெற்றது. கார் நிக்கோபார், கமோர்ட்டா, பெரிய நிக்கோபார் வரை விரைவான இணையத் தொடர்பு எட்டியது. கல்விக்கும் மருத்துவத்திற்கும் இது பெரும் பேறு. அவ்வழியே, மெருகூட்டப்பெற்ற உடல்களின் படங்களும் இளைஞரின் கைப்பேசிக்கு வருகின்றன.

இவற்றின் விளைவை ஊகிக்க ஃபிஜித் தீவின் அனுபவம் உதவும். பருத்த உடலைப் போற்றிவந்த நாட்ரோகா பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. ஆன் பெக்கர் என்னும் ஆய்வாளர் அவ்வாண்டிலும் 1998இலும் பள்ளி மாணவியரிடையே ஆய்வு நடத்தினார். உணவு குறித்துப் பிறழ்ந்த மனப்போக்கு உடையோர் 12.7 விழுக்காட்டிலிருந்து 29.2 ஆகப் பெருகியிருந்தனர். எடையைக் குறைக்க வாந்தியெடுப்போர் முதலாய்வில் ஒருவருமிலர், மூன்றாண்டுகளில் 11.3 விழுக்காட்டினர்.

எடையும் ஏளனமும்

ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21), இத்தீவுகளில் 15 முதல் 49 வயது வரையுள்ள ஆடவரில் 45 விழுக்காட்டினரும் பெண்டிரில் 38 விழுக்காட்டினரும் மிகை எடை அல்லது உடற்பருமன் உடையோர். ஆடவரைப் பொறுத்தவரை நாட்டிலேயே இதுவே மிகுதி. எனவே எடை குறித்த நலப்பிரசாரம் தேவையே. ஆனால் எடைக்காக ஏளனம் செய்யப்படுவோர் உடற்பயிற்சியையும் மருத்துவரையும் தவிர்க்க முற்படுகின்றனர் என ஆய்வுகள் காட்டுகின்றன. பிரசாரம் நாணமூட்டினால் அதன் நோக்கமே கெடும்.

செய்யத்தக்கவை

பள்ளி, கல்லூரிகளில் எடை பார்ப்பது தனியிடத்தில் நிகழவேண்டும். அளவைப் பிறர் கேட்க உரக்கக் கூறலாகாது. பட்டப்பெயரிட்டு அழைத்தலை ஆசிரியர் தடுக்கவேண்டும். படங்கள் எவ்வாறு திருத்தப்படுகின்றன என்பதை மாணவருக்கு விளக்கவேண்டும். விளையாட்டுத் திடல் எல்லா உடல்வாகினருக்கும் திறந்திருக்கவேண்டும். அங்கே இளைஞர் தம் உடலின் ஆற்றலை அறிகின்றனர். இத்தீவுகளைச் சேர்ந்த எசோ ஆல்பன் 2018இல் சுவிட்சர்லாந்தில் நடைபெற்ற உலக இளையோர் சைக்கிள் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்றார். பதக்கம் சிலருக்கே கிட்டும். ஓடவும் நீந்தவும் மிதிக்கவும் தம்மால் இயலும் என்னும் நம்பிக்கை அனைவருக்கும் கிட்டவேண்டும். நலத்திட்டங்களை மதிப்பிடுகையில், குறைந்த எடையோடு வளர்ந்த தன்மதிப்பும் கணக்கில் கொள்ளப்படல் இன்றியமையாதது.