உஷார்! வாசலை மறித்து சார்ஜ் போடாதீங்க!

படிப்பதை நிறுத்திவிட்டு ஒரு நிமிஷம் எழுந்து போய்ப் பாருங்கள். உங்கள் மின்சார ஸ்கூட்டர் எங்கே நிற்கிறது? மாடிப்படிக்குக் கீழேயா? வாசற்கதவை ஒட்டியா? ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இழுத்து சார்ஜ் போட்டிருக்கிறீர்களா? பிளக்கை எடுங்கள். வண்டியைத் தள்ளி நிறுத்துங்கள். மிச்சத்தைப் பிறகு படிக்கலாம்.

2022 மார்ச்சில் வேலூரில் ஒரு வீடு. புது ஸ்கூட்டர். ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டு அப்பாவும் மகளும் தூங்கப் போனார்கள். வண்டி தீப்பற்றியது. இருவரும் செத்தது புகையில் மூச்சுத் திணறி. மகளுக்கு வயது 13. அதே வருஷம் செப்டம்பரில் செகந்திராபாத்தில் கீழே மின்சார ஸ்கூட்டர் ஷோரூம், மேலே ஹோட்டல். மேலேறிய புகை 8 உயிர்களைக் கொண்டுபோனது.

புகை மாடிப்படி வழியாகத்தான் ஏறும். நீங்கள் இறங்க வேண்டியதும் அதே படிதான்!

“தீயணைக்கும் பந்து வாங்கி வைத்திருக்கிறோமே” என்று சொல்லாதீர்கள். நெருப்பில் எறிந்தால் தானே வெடித்துப் பவுடரைத் தூவுகிற பந்து. திரைச்சீலை, குப்பைத்தொட்டி எரிந்தால் உதவும். லித்தியம் பேட்டரியிடம் அதை நம்பாதீர்கள். அங்கே சூடு உள்ளுக்குள் ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குத் தாவிக்கொண்டே போகும். பவுடர் மேலே எரிவதை அடக்கும், உள்சூட்டைத் தணிக்காது. அணைந்துவிட்டது என்று நீங்கள் நினைத்த பேட்டரி, பல மணி நேரம் கழித்தும் மறுபடி பற்றிக்கொள்ளும்.

அதனால்தான் தீயணைப்பு வீரர்கள் தண்ணீரை நிறைய அடித்துக் குளிர வைக்கிறார்கள். உள்ளே சூடு மிச்சமிருக்கிறதா என்று வெப்பம் காட்டும் கேமராவால் பார்க்கிறார்கள். அந்தப் புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்ற விஷவாயு இருக்கும். அவர்களே முதுகில் காற்று சிலிண்டரைச் சுமந்துகொண்டு நுழைகிற இடத்துக்கு, நைட்டியோடு, கையில் ஒரு பந்தோடு போவீர்களா?

டெல்லி தீயணைப்புத் துறை 2022-ல் ரிமோட்டில் இயங்கும் ரோபோக்களைக் கொண்டுவந்தது. நல்ல காரியம். ஆனால் எந்த ரோபோவும் ஊர் தாண்டி, தெரு தாண்டித்தான் வர வேண்டும். உங்களுக்கு இருப்பது சில நிமிஷம்!

பேட்டரி முன்கூட்டியே ஜாடை காட்டும். கவனியுங்கள். பெட்டி உப்பியிருக்கிறதா? சார்ஜர் தொட முடியாமல் சுடுகிறதா? நெயில் பாலிஷ் மாதிரி ஒரு வாடை வருகிறதா? சார்ஜ் ஏறவே மாட்டேன் என்கிறதா? ஓட்டுவதை நிறுத்துங்கள், சர்வீஸுக்குச் சொல்லுங்கள். ‘சர்ர்’ என்று சீறினாலோ, ஆவி மாதிரி வெள்ளைப் புகை கிளம்பினாலோ பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். ஓடுங்கள்!

பேட்டரிப் பாதுகாப்பு விதிகள் 2022 டிசம்பர், 2023 மார்ச் என இரண்டு கட்டமாக இறுகின. அதற்கு முந்தைய வண்டியா? இரட்டைக் கவனம். மலிவு சார்ஜர் வேண்டவே வேண்டாம். மழைத் தண்ணீரில் மூழ்கிய வண்டிக்கு, சர்வீஸில் காட்டாமல் சார்ஜ் போடக் கூடாது.

என்னைக் கேட்டால், வீட்டுக்கு முதலில் வாங்க வேண்டிய சாதனம் புகை அலாரம்தான். தூக்கத்தில் மூக்கு வேலை செய்யும் என்று நம்பாதீர்கள். புகை வாடை எழுப்பாது, காது எழுப்பும். படுக்கையறைக்கு வெளியே, கூரையில் மாட்டுங்கள். சமையலறையில் வேண்டாம், தாளிக்கும்போதெல்லாம் கத்தும், எரிச்சலில் பேட்டரியைக் கழற்றி டிவி ரிமோட்டில் போட்டுவிடுவீர்கள். மாசம் ஒரு தடவை பட்டனை அழுத்திப் பாருங்கள்.

அப்புறம், கிரில் கேட் சாவி! அது எங்கே தொங்குகிறது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியுமா? குழந்தைக்கு எட்டுமா? இருட்டில் தடவி எடுக்க முடியுமா?

தீ என்றால் பீரோவைத் திறக்காதீர்கள். குனிந்தபடி வெளியேறுங்கள். வழியில் புகை அடைத்திருந்தால் அறைக் கதவைச் சாத்தி, இடுக்கில் ஈரத்துணியைத் திணித்துவிட்டு ஜன்னலில் நின்று கூப்பிடுங்கள். 101 அல்லது 112-க்குப் பேசும்போது, “எரிவது மின்சார ஸ்கூட்டர் பேட்டரி” என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.