அழ வைக்கும் கதைகளைத் தேடிப் படிப்பது ஏன்? குடும்ப இழப்பைச் சொல்லும் படைப்புகள் நமக்கு என்ன செய்கின்றன?

"படிச்சு முடிச்சு ரெண்டு நாள் தூக்கமே வரல" என்று ஒருவர் ஒரு நாவலைப் பற்றிச் சொன்னால், கேட்பவர் அந்தப் பக்கமே போகாமல் இருக்க வேண்டும். ஆனால் நடப்பது வேறு. "பேர் என்ன, யார் எழுதினது?" என்று கேட்டு உடனே குறித்துக்கொள்கிறார்கள். நந்தனம் புத்தகக் காட்சியில் அந்தப் பெயரைச் சொல்லித் தேடுகிறார்கள்.

சொந்த வாழ்க்கையில் சாவும் பிரிவும் வரவே கூடாது என்று வேண்டிக்கொள்ளும் நாம், அதையே கதையில் காசு கொடுத்து வாங்குவது ஏன்? அழுதால் மனசு லேசாகும் என்பது உண்மையா? வீட்டில் துக்கம் நடந்த ஒருவர் இப்படிப்பட்ட புத்தகத்தைக் கையில் எடுக்கலாமா?

தொல்காப்பியம் சொன்ன நான்கு காரணங்கள்

மனிதர் ஏன் அழுகிறார் என்ற கேள்விக்குத் தமிழில் மிகப் பழைய பதில் ஒன்று உண்டு. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. அவற்றில் ஒன்று அழுகை. அது இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு காரணங்களால் பிறக்கும் என்கிறது அந்த நூல்.

இளிவு என்றால் பிறர் முன் தலைகுனிவது. இழவு என்றால் உறவையோ உடைமையையோ இழப்பது. அசைவு என்றால் முன்பு இருந்த நிலையிலிருந்து தாழ்ந்து போவது. வறுமை என்பதற்கு விளக்கம் தேவையில்லை.

நிஜ வாழ்க்கையில் இந்த நான்கும் தனித்தனியாக வருவதில்லை. ஒரு வீட்டில் சாவு நடந்தால் கூடவே ஆஸ்பத்திரி பில் வரும், சொந்தக்காரர்களின் பேச்சு வரும், "நான் இன்னும் கொஞ்சம் கவனிச்சிருக்கணுமோ" என்ற குற்ற உணர்வும் வரும். துக்கம் விசாரிக்க வருபவர்களிடம் இதையெல்லாம் பேச முடியாது. பதினாறாம் நாள் காரியம் முடிந்தால் அவர்களும் வருவதில்லை. இப்படிச் சொல்லாமல் விடப்பட்டதைத்தான் நல்ல நாவல்கள் சொல்கின்றன.

சென்னையில் ஒரு சாவு: 'செல்லம்மாள்'

இதற்கு முதல் உதாரணம் நாவல் அல்ல, புதுமைப்பித்தன் 1940-களில் எழுதிய 'செல்லம்மாள்' என்ற சிறுகதை. சென்னையில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பிரமநாயகம் பிள்ளையின் மனைவி, நீண்ட நாள் நோய்க்குப் பிறகு இறந்துவிடுகிறாள். கதையே அந்தச் சாவில்தான் தொடங்குகிறது. குறைந்த சம்பளம், பக்கத்தில் உறவினர் யாரும் இல்லாத பெருநகரம், ஒரு தடவை ஊருக்குப் போய்விட்டு வர வேண்டும் என்ற ஏக்கம் என எல்லாம் பின்னால் விரிகின்றன.

அவர் கதறி அழுவதில்லை. அவருடைய துயரத்தோடு, சுமை இறங்கியது போன்ற ஒரு நிம்மதியும் கலந்திருப்பதைப் புதுமைப்பித்தன் மறைக்கவில்லை. படுக்கையில் கிடந்த ஒருவரை மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டவர்களுக்கு இந்த உணர்வு தெரியும். ஆனால் வெளியே சொன்னால் "என்ன மனுஷன் இவன்?" என்பார்கள். கதையில் அதைப் படிக்கும்போது, 'நமக்கு மட்டும் இப்படித் தோன்றவில்லை' என்பது புரிகிறது.

பணம் இருந்தும் செல்லாத இடம்

இமையத்தின் 'செல்லாத பணம்' நாவல் 2018-ல் சென்னையின் க்ரியா பதிப்பகம் வெளியிட்டது. 2020-ம் ஆண்டுக்கான சாகித்ய அகாடமி விருதைப் பெற்றது. பொறியியல் படித்த ரேவதி, வீட்டின் எதிர்ப்பை மீறி ஆட்டோ ஓட்டும் ரவியைத் திருமணம் செய்கிறாள். பிறகு தீக்காயங்களோடு புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறாள். நாவலின் பெரும்பகுதி அந்தத் தீக்காயப் பிரிவின் வாசலில் காத்திருப்பவர்களைப் பற்றியது.

அப்பா தலைமையாசிரியர். வீட்டில் பணத்துக்குக் குறைவில்லை. ஆனால் அந்த வாசலில் பணத்தால் எதுவும் ஆகவில்லை. தலைப்பு சொல்வதும் அதைத்தான். அங்கே இழவோடு இளிவும் சேர்ந்து நிற்கிறது. மகள் போகப்போகிறாள் என்ற பயம் ஒரு பக்கம், 'ஊர் என்ன சொல்லும்' என்று அவளோடு இத்தனை நாள் பேசாமல் இருந்துவிட்டோமே என்ற வேதனை இன்னொரு பக்கம்.

யாரும் சாகாமலும் இழப்பு உண்டு

தி.நகரில் நீண்ட காலம் வாழ்ந்த அசோகமித்திரன் எழுதிய 'தண்ணீர்' 1970-களின் தொடக்கத்தில் வந்த நாவல். சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்தில் குடத்தோடு அலையும் ஜமுனா, சாயா என்ற அக்கா தங்கையின் கதை. மனநலம் குன்றிய அம்மா, சினிமா ஆசை காட்டி ஏமாற்றும் ஓர் ஆள், கோபித்துக்கொண்டு விடுதிக்குப் போய்விடும் தங்கை என ஒரு குடும்பம் மெதுவாகக் கலைகிறது. தொல்காப்பியம் சொல்லும் 'அசைவு' இதுதான்.

உயிரோடு இருக்கும் அம்மாவே பெண்களுக்கு எட்டாமல் போவது எப்படிப்பட்ட இழப்பு? அதற்கு யாரும் மாலை வாங்கி வருவதில்லை, துக்கமும் கேட்பதில்லை. மறதி நோய் வந்த பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் இன்றைய மயிலாப்பூர், அடையாறு வீடுகளுக்கும் இது பொருந்தும்.

உலக இலக்கியத்திலும் இந்தப் பசி குறையவில்லை. ஷேக்ஸ்பியரின் மகன் 1596-ல் 11 வயதில் இறந்தான். அந்தச் சாவை வைத்து மேகி ஓ'ஃபேரல் எழுதிய 'ஹாம்நெட்' 2020-ல் வெளியாகி பிரிட்டனின் பெண்கள் புனைவிலக்கியப் பரிசை வென்றது. 2025-ல் திரைப்படமாகவும் வந்தது.

அழுதா மனசு லேசாகுமா?

சோக நாடகம் உணர்ச்சிகளை வெளியேற்றித் தெளிவு தரும் என்று கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் சொன்னார். இதை அறிவியல் முழுதாக உறுதி செய்துவிட்டதா? இல்லை. இலக்கியம் படித்தால் பிறர் மனதைப் புரிந்துகொள்ளும் திறன் உடனே கூடுகிறது என்று 2013-ல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. மற்ற ஆய்வாளர்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை.

அதனால் நாவலை மாத்திரை போல நினைக்கக் கூடாது. அது துக்கத்தைக் குணமாக்காது. ஆனால் துக்கத்துக்கு வார்த்தை தரும். "எனக்கு என்னவோ மாதிரி இருக்கு" என்று மட்டும் சொல்லத் தெரிந்தவர், 'கோபமா, குற்ற உணர்வா, களைப்பா' என்று பிரித்துப் பார்க்கத் தொடங்குகிறார். ஒப்பாரியும் இதைத்தான் செய்தது. இறந்தவரின் பெருமையோடு, பாடுகிற பெண்ணின் கடனும் புகுந்த வீட்டுக் கஷ்டமும் அதில் வந்துவிடும். நகரத்து வீடுகளில் ஒப்பாரி மறைந்துகொண்டே வர, அந்த வேலையில் கொஞ்சத்தைப் புத்தகம் ஏற்றிருக்கிறது.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

இழப்பு நடந்த சில வாரங்களில் எல்லோராலும் இதைப் படிக்க முடியாது. நடந்ததைப் போன்ற சம்பவமே கதையிலும் இருந்தால் ரணம் கிளறப்படலாம். 'செல்லாத பணம்' போன்ற நாவலை, அதேபோன்ற துயரம் நடந்த வீட்டில் யோசிக்காமல் பரிசளிக்கக் கூடாது.

சில எளிய வழிகள் உண்டு. முதலில் சிறுகதையிலிருந்து தொடங்கலாம். இரவில் தனியாகப் படிப்பதைவிடப் பகலில், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் படிக்கலாம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் போன்ற இடங்களில் உட்கார்ந்து படிக்கக் கட்டணம் இல்லை. முடியவில்லை என்றால் பாதியில் மூடி வைப்பதில் தப்பே இல்லை. படித்ததைப் பற்றி ஒருவரிடமாவது பேசுவது நல்லது. "அந்தக் கதையில வர்ற அப்பா மாதிரிதான் நானும்" என்று சொல்வது, "நான் தப்புப் பண்ணிட்டேன்" என்று நேராகச் சொல்வதைவிடச் சுலபம்.

துக்கத்துக்குக் கெடு கிடையாது. ஆனால் ஆறு மாதம் கடந்தும் அன்றாட வேலையே செய்ய முடியாத அளவுக்கு அது தீவிரமாக நீடித்தால், அதை 'நீடித்த துயரக் கோளாறு' எனத் தனி நிலையாக உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் வகைப்படுத்தியிருக்கிறது. அப்போது தேவை புத்தகம் அல்ல, மனநல ஆலோசனை.

உதவிக்கு யாரை அழைக்கலாம்?

வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் உங்களுக்கோ உங்களுக்குத் தெரிந்தவருக்கோ வந்தால் தயங்காமல் பேசுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ்: 14416. தமிழக அரசின் சுகாதார உதவி எண்: 104. சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா தற்கொலைத் தடுப்பு மையம்: 044-24640050.